குடோன் ஆட்களை ஆப்பில் பதிய வைப்பது எப்படி?

வணக்கம். மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். பில் எல்லாம் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில்தான், அதில் சிக்கல் இல்லை. ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டிய வியாபாரிகளுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதியும் மின்-பில்) கட்டாயம் என்பதால் கணக்கர் வேறு வழியில்லாமல் பழகிவிட்டார்.

பிரச்சினை குடோனில். சரக்கு ஏற, இறங்க அப்போதைக்கப்போதே போனில் பதிய ஒரு ஆப் வாங்கி, பயிற்சியும் கொடுத்தாயிற்று. ஆட்களோ துண்டுச்சீட்டில் குறித்துவைத்து, ராத்திரி கடை அடைக்கும்போது மொத்தமாக ஆப்பில் ஏற்றுகிறார்கள். அதற்குள் தீர்ந்துபோன துவரம்பருப்புக்கு நாங்கள் ஆர்டர் எடுத்துவிடுகிறோம். உசிலம்பட்டி கடைக்காரரிடம் திட்டு வாங்குவது நான்.

அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. லாரிக்காரர் ஹாரன் அடிக்கும்போது மூட்டையைப் பார்ப்பார்களா, போனைப் பார்ப்பார்களா? போதாததற்கு அப்பா பழைய நோட்டையும் விடமாட்டேன் என்கிறார். ஒரே வேலையை இரண்டு தடவை செய்யச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

நோட்டை ஒரேயடியாக நிறுத்தியவர்கள் இருக்கிறீர்களா? இல்லை, பருப்பு மட்டும் என்று ஒரு சரக்கில் தொடங்கிப் பழக்கினீர்களா? பதிவுக்கென்றே தனி ஆள் போடுவது கட்டுப்படியாகுமா? அப்புறம், பார்கோடு ஸ்கேனர் மிளகாய்த் தூசியில் தாங்குமா?

கடை நடத்துகிறவர்கள் சொல்லுங்கள். சாஃப்ட்வேர் விற்கிறவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வர வேண்டாம்.