பழையபேட்டைத் தெருக்களின் கட்டடத் தன்மையை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: மலையடிவாரம்

வணக்கம். கட்டடக்கலைப் படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்காக, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மலைக்கோட்டையின் அடிவாரத்தை ஒட்டிய சில குடியிருப்புத் தெருக்களின் கட்டடத் தன்மையை மதிப்பிட்டுக் குறிப்பெழுத வேண்டியிருக்கிறது. கல் விளிம்பு வைத்த திண்ணையும் மரத்தூணும் மங்களூர் ஓடும் கொண்ட வீடுகள் ஆங்காங்கே இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் எழுபதுகளின் மாடி வீடுகளும், அண்மையில் எழும்பிய, முகப்பில் கண்ணாடியும் டைல்ஸும் ஒட்டிய மூன்றடுக்குக் கட்டடங்களும் கலந்து நிற்கின்றன. பழைய வீடுகளை மட்டும் எண்ணினால் தெருவுக்கு நாலைந்துதான் தேறும். இப்படிக் கலந்துபோன பகுதிக்குத் தனித்தன்மை உண்டு என்று சொல்ல இடமிருக்கிறதா? இருக்கிறதென்றால், எதை அளந்து எப்படிப் பதிவு செய்தால் அது என் சொந்த ரசனை என்று ஒதுக்கப்படாமல் நிற்கும்?

மறுமொழி: தகடூரான்

வணக்கம். நான் தருமபுரியில் கட்டட வடிவமைப்புத் தொழிலில் இருக்கிறேன். பழைய வீடுகளின் பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரு பக்க முகப்புகளையும் தொடர்ச்சியாக ஒரே தாளில் வரையுங்கள். அதில் ஒரு வீட்டையும் விடாதீர்கள்; பிடிக்காத வீட்டைக் கட்டாயம் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் முகப்பின் அகலம், முன்சுவர் தெருவிளிம்பில் நிற்கிறதா உள்வாங்கியிருக்கிறதா என்பது, திண்ணையின் உயரமும் ஆழமும், இறவாணம் (கூரையின் தாழ்ந்த விளிம்பு) அல்லது முதல் தளத்தின் உயரம், கூரையின் சரிவு தெருவை நோக்கியதா பக்கவாட்டிலா, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் உண்டா என்பன பதிவானால், தெருவின் ஒழுங்கு தானாகவே தாளில் தெரியத் தொடங்கும்.

அப்படி வரைந்து பார்க்கும்போது பலரும் எதிர்பாராத ஒன்று புலப்படும். மனையின் அகலம் மாறாததால், கண்ணாடி ஒட்டிய புது வீடு கூடப் பழைய சுவர்க்கோட்டிலேயே, பழைய அகலத்திலேயே நின்று தெருவோடு ஒத்துப்போகிறது. அதே தெருவில் இரண்டு மனைகளை வாங்கிச் சேர்த்து, பத்தடி உள்ளே தள்ளி, முன்னால் மதிற்சுவரும் இரும்பு கேட்டும் வைத்து, செட்டிநாட்டுத் தூணும் ஓடும் போட்ட 'பாரம்பரிய' வீடு தெருவின் ஓட்டத்தை அறுத்துவிடுகிறது. என் கணக்கில் முன்னதற்குத்தான் கூடுதல் மதிப்பெண்.

பாகப்பிரிவினையையும் மறக்காமல் பதிவு செய்யுங்கள். அண்ணன் தம்பி இருவருக்குள் வீடு நெடுக்காகப் பிரிந்து, ஒரு பாதி ஓட்டுடனும் மறுபாதி கான்கிரீட்டுடனும் நிற்பதும், நடுவில் மாட்டிக்கொண்ட ஒரே மரத்தூணில் இந்தப் பக்கம் பச்சை பெயிண்டும் அந்தப் பக்கம் வெறும் மரமுமாக இருப்பதும் நம் பக்கத்து ஊர்களில் சாதாரணம். அத்தகைய வீட்டைச் சிதைந்தது என்று ஒற்றைச் சொல்லில் கழித்துவிட வேண்டாம். மனைகள் எப்படிக் குறுகிவந்தன என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. நகர நில அளவைப் பதிவேட்டில் உட்பிரிவு எண்களைப் பார்த்து அதை உறுதி செய்துகொள்ளலாம்.

பின்னர் ஒவ்வொரு கட்டடத்தையும் தெருவின் தன்மைக்குத் துணைநிற்பது, பாதிக்காதது, குலைப்பது என்று வகைப்படுத்தி, காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். காரணம் எழுத வராத இடத்தில் உங்கள் ரசனை நுழைந்திருக்கிறது என்று பொருள். புதுச்சேரியில் பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு முகப்புகளைச் சீரமைத்த வைசியாள் வீதியை எல்லோரும் முன்மாதிரியாகக் காட்டுவார்கள். ஒரு தெருவை முழுவதுமாகக் கருதிய முறைக்காக அதைப் பாருங்கள், ஆனால் அங்குள்ள தாழ்வார அமைப்பை அளவுகோலாக இங்கே கொண்டுவர வேண்டாம். பழையபேட்டைக்கு அதன் கல்லும் அதன் சரிவும்தான் அளவுகோல்.

மறுமொழி: சிட்டுக்கல்

மேலே சொன்னதோடு காலக்கணிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மூரில் இது எளிதில் தவறிவிடும். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் நம் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் வசம் வந்தது என்பதையும் கோட்டையின் பழமையையும் சொல்லி, அடிவாரத்து வீடுகளுக்கும் அந்த வயதை ஏற்றிவிடுகிறார்கள். கோட்டையின் வயது கோட்டைக்கு மட்டும்தான்.

மங்களூர் ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். ஆகவே அந்தக் கூரை அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. ஆனால் நாட்டு ஓட்டைக் கழற்றிவிட்டுப் பின்னாளில் மங்களூர் ஓடு வேய்ந்திருக்கலாம் என்பதால், கூரையை வைத்துச் சுவரின் வயதைத் தீர்மானிக்கவும் முடியாது. உதிர்ந்து கிடக்கும் ஓட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் செங்கல்லின் கனத்தை அளந்து, சாந்து சுண்ணாம்பா சிமென்ட்டா என்று பாருங்கள். மெல்லிய சிட்டுக்கல்லும் (பழைய சிறு செங்கல்) சுண்ணாம்பும் இருந்து, மேலே மட்டும் சிமென்ட் பூச்சு ஏறியிருந்தால் அதையும் குறியுங்கள். சுவர் ஈரத்தை வெளியே விட முடியாமல் அடிப்பகுதி பொரிந்து உதிர்வதற்கு அந்தப் பூச்சே பல வீடுகளில் காரணம்.

எழுபதுகளின் மாடி வீடுகளை இடைச்செருகலாக நினைக்க வேண்டாம். கைப்பிடிச் சுவரில் சிமென்ட்டில் எழுதிய ஆண்டு, வடிவக் கம்பி கிரில், மொசைக் தரை, நீண்ட சன்ஷேடு ஆகியவற்றோடு அவையும் இந்தத் தெருவின் ஒரு காலம்தான். இன்னும் சில ஆண்டுகளில் ஓட்டு வீடுகளைவிட இவைதான் வேகமாக மறையும் என்பது என் எண்ணம்.

மறுமொழி: பேட்டைவாசி

ஐயா, நான் அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்து இன்றும் குடியிருப்பவன். குறிப்பு எழுதுகிறவர்கள் தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஓடு மாற்றத் தச்சர் கிடைப்பதில்லை, மழைக்காலத்தில் குரங்கு ஓட்டைப் பெயர்த்துவிட்டால் நள்ளிரவில் பாத்திரம் வைக்க வேண்டியது நாங்கள்தான். திண்ணையை இடித்தவர்களில் பலர் ஆசைப்பட்டு இடிக்கவில்லை. இருசக்கர வாகனத்தை இரவில் உள்ளே ஏற்ற வேறு வழியில்லாமல் பாதித் திண்ணையை வெட்டிச் சரிவு போட்டவர்கள் அவர்கள். உங்கள் ஆய்வில் இப்படி ஒரு கட்டமும் இருக்கட்டும்: எது மாறியது, ஏன் மாறியது, வீட்டுக்காரரைக் கேட்டு எழுதியது. அது இல்லாத மதிப்பீட்டை எங்கள் தெருவில் யாரும் ஏற்கமாட்டார்கள்.

மலையடிவாரம்:

மூவருக்கும் மிக்க நன்றி. வீட்டுக்காரர்களிடம் கேட்டு எழுதும் கட்டத்தை இன்றே படிவத்தில் சேர்த்துவிட்டேன். இரண்டு ஐயங்கள். ஆய்வுப் பகுதியின் எல்லையை எங்கே நிறுத்துவது? சில வீடுகளில் திண்ணை கணுக்கால் உயரமே இருக்கிறது. அதைத் தாழ்திண்ணை என்று தனி வகையாக எழுதலாமா?

மறுமொழி: தகடூரான்

எல்லையை வார்டு வரைபடத்தைப் பார்த்து வகுக்க வேண்டாம். முகப்பின் அகலமும் சுவர்க்கோடும் திடீரென மாறும் இடத்தில் நிறுத்துங்கள். சட்டக் கோடு அதிலிருந்து வேறானது. மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் எதுவாயினும் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்று தொல்லியல் நினைவுச்சின்னங்கள் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. உங்கள் தெருக்களுக்கு அருகில் அப்படி ஏதேனும் இருந்தால் அந்தக் கோட்டைத் தனி நிறத்தில் போடுங்கள்; தன்மையின் எல்லையோடு கலக்காதீர்கள்.

தாழ்திண்ணை என்று எழுதுவதற்கு முன் ஒரு வீட்டு வாசலில் சாக்கடை ஓரமாகப் பாருங்கள். சாலையைச் சுரண்டாமல் மேல் மேலாகத் தார் போட்டும் கான்கிரீட் போட்டும் வந்ததில், வாசற்படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்திருக்கும். வீட்டின் உட்தரை இன்றைய சாலை மட்டத்துக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதை டியூப் லெவல் (நீர் நிரப்பிய மட்டக்குழாய்) வைத்து வீட்டுக்கு வீடு குறித்துக்கொண்டு, முதியவர்களிடம் முன்பு எத்தனை படிகள் இருந்தன என்று கேளுங்கள். திண்ணையின் உண்மையான உயரம் அப்போதுதான் கிடைக்கும். மழைநீர் எந்த வீடுகளுக்குள் புகுகிறது என்பதையும் அதே அளவே காட்டிவிடும். நகராட்சிக்குக் குறிப்பைக் கொடுப்பதானால் அந்தப் பக்கத்தை முதலில் வையுங்கள்.