தலைவர் அக்கா, நாற்காலியில் அவர் கணவர்

கேள்வி:
எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்தது அக்கா, ஆனால் கிராம சபையில் மைக் பிடிப்பது அவர் கணவர், தெருவிளக்கு எரியவில்லை என்று போன் போட்டால் எடுப்பதும் அவர்தான். 2016-ல் தமிழ்நாட்டில் பெண்கள் ஒதுக்கீட்டை 50 சதவீதம் ஆக்கியும் இப்படித்தான் என்றால் என்ன பயன்?

பதில் 1:
எங்கள் ஊரிலும் ஆரம்பத்தில் இதே கதைதான். செக்கில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், துணைத்தலைவர் பதவிக்கோ இட ஒதுக்கீடு கிடையாது, அங்கே உட்கார்ந்திருந்தவர் குடிநீர்க் குழாய் பில்லை மாதக்கணக்கில் இழுத்தடித்தார். எங்கள் தலைவர் அம்மா ஃபைலைத் தூக்கிக்கொண்டு பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கே போய் நின்றார். அப்புறம்தான் வீட்டுக்காரர் ஒதுங்கினார்.

பதில் 2:
கணவரை மட்டும் திட்டாதீர்கள். "சார் வரலையா?" என்று முதலில் கேட்பதே அதிகாரிகள்தானே!

பதில் 3:
சரி, வரும் அக்டோபர் 2 கிராம சபையில் நாலு பெண்கள் எழுந்து "தலைவர் பேசட்டும்" என்று கேளுங்கள். வரவு செலவை அவரே படிக்கட்டும். திக்கினாலும் பரவாயில்லை, ஆண் தலைவர்கள் மட்டும் என்ன திக்காமலா படித்தார்கள்?