புருவ நடுச் சுருக்கத்துக்கு ஊசி: முதல் முறை டாக்டரைப் பார்க்கப் போகிறேன், என்ன கேட்க வேண்டும்?

களத்துமேடு, ஏற்காடு:

எனக்கு வயது 49. ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். கணக்கு என்பது பெயருக்குத்தான். கார்த்திகை, மார்கழியில் பாதி நாள் களத்தில்தான் நிற்பேன். சிமெண்டுத் தரையில் பட்டுத் தெறிக்கும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, இரண்டு புருவங்களுக்கு நடுவே நெட்டுக்குத்தாக இரண்டு பள்ளம் விழுந்துவிட்டது. குங்குமம் வைத்தால் பள்ளத்துக்குள் இறங்கிக்கொள்கிறது. ஒட்டுப்பொட்டோ நடுவில் தூக்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் விழுந்துவிடுகிறது.

சும்மா உட்கார்ந்திருந்தாலே "யார் மேல் கோபம்?" என்கிறார்கள். மகளின் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி அம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பம்தானே?" என்று கேட்டிருக்கிறார். தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்வது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

தை கடைசியில் கல்யாணம். வரும் சனிக்கிழமை சேலத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் பல் டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கையில் என்ன கொண்டுபோக வேண்டும்? அன்றைக்கே ஊசி போட்டுவிடுவார்களா? தினமும் ஆஸ்பிரின் 75, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆஸ்பிரினை நிறுத்திவிட்டுப் போகட்டுமா?

ஐந்து ரோடு:

சகோதரி, நான் மூன்று முறை போட்டுக்கொண்டவள். முதல் முறை செய்த மடத்தனத்தைச் சொல்கிறேன். சலுகை விலை என்று பலகை பார்த்து ஓர் அழகு நிலையத்துக்குள் நுழைந்தேன். எந்த மருந்து, எத்தனை யூனிட் அளவு, ஊசி போடுகிறவர் டாக்டரா, ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். ஐந்தாம் நாள் இடது இமை இறங்கிவிட்டது. அதை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சீரியல் பார்த்தேன். போட்ட மருந்தை எடுத்துவிட மாற்று மருந்து கிடையாது; தானாகத் தணியும்வரை பொறுக்க வேண்டியதுதான். எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. போய்க் கேட்டதற்கு "உங்கள் உடல்வாகு அப்படி" என்றார்கள்.

அடுத்து முறையான டாக்டரிடம் போனபோது வித்தியாசம் தெரிந்தது. "கோபப்படுங்கள், ஆச்சரியப்படுங்கள், சிரியுங்கள்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்து, பென்சிலால் புள்ளி வைத்து, படம் எடுத்த பிறகுதான் ஊசியைத் தொட்டார். ஆகவே பொட்டு, பவுடர் இல்லாமல் போங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய படம் ஒன்று இருந்தால் நல்லது. புருவம் பிறவியிலேயே ஏற்ற இறக்கமா என்று அதில் தெரியும்.

மூன்று நான்கு நாளில் வேலை தொடங்கும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம், மூன்று நான்கு மாதம் நிற்கும். முதல் முறை என்பதால் மார்கழி நடுவிலேயே முடித்துவிடுங்கள். ஏதாவது கோணினாலும் அது சரியாவதற்குக் கொஞ்சம் நாள் இருக்கும். போட்ட அன்று புருவ நடுவில் விரலை அழுத்திக் குங்குமம் வைக்காதீர்கள். இதை எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஓய்வுபெற்ற செவிலியர், அம்மாப்பேட்டை:

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம் அம்மா. அதோடு ஊசி போட்டால் கன்றிப்போக வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்; இதயத்துக்காகக் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது வேறு விவகாரம். எழுதித் தந்த டாக்டரைக் கேளுங்கள். மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போவது உத்தமம். தசை பலவீன நோய், முகவாதம் முன்பு வந்திருந்தால் மறைக்கக் கூடாது.

மருந்து பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய பொடி. உப்புநீர் சேர்த்துக் கரைத்துப் போடுவார்கள். போடாக்ஸ் என்பது ஒரு கம்பெனி தன் மருந்துக்கு வைத்த பெயர்தான். அதில் புருவ நடுவுக்கு வழக்கமான அளவு ஐந்து இடத்தில் மொத்தம் 20 யூனிட். இதே வகையில் இன்னொரு கம்பெனி மருந்தான டிஸ்போர்ட்டின் யூனிட் கணக்கு வேறு, இரண்டையும் ஒப்பிட்டு விலை பேசாதீர்கள்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் இது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்குமான மருந்து. அமெரிக்காவில் 1989-இல் அதற்குத்தான் அனுமதி. வான்கூவரில் ஜீன் காரதர்ஸ் என்ற கண் மருத்துவர் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டவர்களின் புருவச் சுருக்கம் மறைவதைக் கவனித்தார். சுருக்கத்துக்கென்று அனுமதி வந்தது 2002-இல்.

செவ்வாய்ப்பேட்டை:

ஒரு கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் வாங்கியிருந்தால் இவ்வளவு பேச்சு தேவைப்பட்டிருக்காது.

களத்துமேடு, ஏற்காடு:

ஐயா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு களத்தில் நின்றால் கொட்டை காய்ந்ததா ஈரமா என்று தெரியாது. தொப்பி வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை போய் வந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பஸ் நிலையக் குழாயில் முகம் கழுவிப் பொட்டை எடுத்துவிட்டுப் போனேன். நெற்றியைத் தளர விடச் சொல்லிப் பார்த்தார் டாக்டர். கோடு போகவில்லை. "முகம் சும்மா இருக்கும்போதும் நிற்கிற கோடு இது. ஊசி தளர்த்தும், முழுக்க அழிக்காது" என்றார். அப்படியானால் பள்ளத்தை நிரப்புகிற ஃபில்லர் போடலாமா என்று கேட்டேன். அந்த இடத்தில் ரத்தக் குழாய் அடைத்தால் பார்வையே போகலாம், நான் போட மாட்டேன் என்றார். விற்க வந்தவர் இல்லை என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது. பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார், ஊசி மார்கழியில். என் அம்மா இருந்திருந்தால் மார்கழியில் இதையெல்லாம் தொடங்கலாமா என்று கேட்டிருப்பார்.

ராத்திரி வீட்டுக்காரர் பல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். "எங்கே பரவாயில்லை? வலி முகத்திலேயே தெரிகிறதே" என்று சொல்லிவிட்டு, கிராம்புத் தைலம் எடுத்து வந்து கொடுத்தார்.