ராயல் என்ஃபீல்டு பைக்ல சூப்பர் மீட்டியோர் 650ஆ, ஷாட்கன் 650ஆ? இன்ஜின் ஒண்ணுதான், எதை எடுக்கலாம்?

சாலைப்பறவை:
உயரம் 5 அடி 5 அங்குலம். வார நாள்ல சென்னை டிராஃபிக், மாசத்துக்கு ஒரு தடவை மனைவியோட ஏலகிரி, ஏற்காடு. ரெண்டுலயும் அதே 648 சிசி, 47 பிஎஸ் பவர், 52.3 என்எம் இழுவிசை (டார்க்). எடையும் 241, 240 கிலோன்னு கிட்டத்தட்ட ஒண்ணு. அப்போ தோற்றத்தைப் பார்த்தே முடிவு பண்ணிடலாமா?

நெடுஞ்சாலை650:
உங்க உயரத்துக்கு சூப்பர் மீட்டியோர்தான் நண்பரே. சீட் 740 மிமீ, ஷாட்கன்ல 795. சிக்னல்ல ரெண்டு பாதமும் முழுசா தரையில படியும். 240 கிலோ வண்டியைச் சரிவுல பின்னாடி தள்ளும்போது இந்த 55 மிமீயோட அருமை தெரியும். டேங்கும் 15.7 லிட்டர், ஷாட்கன்ல 13.8தான். துணைக்கு ஆள் இருக்கிறதால மீட்டியோர்லயே செலஸ்டியல் வேரியன்ட் பாருங்க, முன்னாடி காத்தைத் தடுக்கிற கண்ணாடியும் பின்னாடி உட்கார்றவங்க சாய்ஞ்சுக்கிற பேக்ரெஸ்ட்டும் கம்பெனியே போட்டுத் தருது.

கொண்டைஊசி:
சீட் உயரத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. கால் எங்க இருக்குன்னு பாருங்க. சூப்பர் மீட்டியோர்ல ஃபுட்பெக் (கால் வைக்கிற கம்பி) முன்னாடி தள்ளி இருக்கு. பள்ளம் வரும்போது பெக்கை மிதிச்சு இடுப்பைச் சட்டுனு தூக்க முடியாது. வர்ற குத்து முழுக்க முதுகெலும்புக்குத்தான். ஷாட்கன்ல பெக் நடுவுல இருக்கு, தொடை பாரத்தைத் தாங்கிக்கும்.

மலைன்னு வந்துட்டா வித்தியாசம் இன்னும் பெருசு. மீட்டியோர்ல ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற குழாய்கள்) சாய்மானம் 27.6 டிகிரி, ட்ரெயில் (ஸ்டீயரிங் அச்சு தரையைத் தொடுற புள்ளிக்கும் டயர் தரையைத் தொடுற இடத்துக்கும் உள்ள தூரம்) 118.5 மிமீ. ஷாட்கன்ல 25.3, 101.4. வீல்பேஸும் (ரெண்டு சக்கர அச்சுக்கும் நடுவுல உள்ள தூரம்) 1500 மிமீக்கு எதிரா 1465. ஏற்காட்டு 20 வளைவுலயும் ஷாட்கன் சொன்ன பக்கம் திரும்பும். மீட்டியோரை மெதுவா வளைக்கும்போது முன்சக்கரம் உள்பக்கமா விழப் பார்க்கும், கையால பிடிச்சு நிறுத்தணும்.

நெடுஞ்சாலை650:
அதே ட்ரெயில்தான் பெங்களூரு ரோட்ல 100ல போகும்போது ஹேண்டிலை அசையாம வைக்குது. லாரி ஓரமா காத்து அடிச்சாலும் நேர்கோட்டுல போகும். அவர் சொன்ன பயணத்துல மலை ஒரு மணி நேரம், நேர்ரோடு நாலு மணி நேரம்.

முதுகு அடி விஷயத்துலயும் கணக்குப் பாருங்க. பின் சஸ்பென்ஷன் அசைவு மீட்டியோர்ல 101 மிமீ, ஷாட்கன்ல 90. ரெண்டு பேர் உட்கார்ந்தா சீக்கிரம் அடி தட்டப் போறது எது?

ஸ்பேனர்12:
நீங்க ரெண்டு பேரும் பிரீலோடைப் (பின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைக்கிறோம்ங்கிற செட்டிங்) பத்திப் பேசவே இல்லையே. ஒத்த ஆளுக்கான செட்டிங்கிலயே ஜோடியா ஏறிட்டு "சஸ்பென்ஷன் மோசம்"னு சொல்றதுதான் அதிகம் நடக்குது.

பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சு, ஆக்ஸிலிலிருந்து (சக்கர அச்சு) நேர் மேல ஃபென்டர்ல (மட்கார்டு) ஒரு டேப் ஒட்டி, ரெண்டுக்கும் நடுவுல உள்ள தூரத்தை அளந்துக்குங்க. அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து அளக்கணும். இறக்கம் மொத்த அசைவுல மூணுல ஒரு பங்கு வரணும்: மீட்டியோர்ல சுமார் 33 மிமீ, ஷாட்கன்ல 30. அதைவிட அதிகமா இறங்கினா சி-ஸ்பேனரால (ஸ்பிரிங் வளையத்தைத் திருப்புற கொக்கி மாதிரி கருவி) பிரீலோடை ஒவ்வொரு படியா ஏத்துங்க, இடமும் வலமும் ஒரே படியில நிக்கணும். ஒரு பக்கம் மட்டும் ஏறிட்டா ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்குற சட்டம்) முறுக்கி, வளைவுல வண்டி ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேற மாதிரியும் போகும்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டியோட அடிவயித்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) மீட்டியோர்ல 135 மிமீ, ஷாட்கன்ல 140. ரெண்டுமே கம்மிதான். தெருவுல சொந்தமா சிமென்ட் கொட்டிப் போட்ட ஸ்பீட் பிரேக்கர்ல, முன்சக்கரம் இறங்கி பின்சக்கரம் ஏறுறதுக்கு முன்னாடி வயிறு உரசும். அந்த நேரத்துல முன் பிரேக்கைப் பிடிச்சா ஃபோர்க் அமுங்கி இன்னும் கீழ வரும். மேட்டுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, ஏறும்போது பிரேக்கை விட்டுடணும்.

கொண்டைஊசி:
ஸ்பேனர் அண்ணன் சொன்னது சரி, ஜோடிக்கு மீட்டியோர்ல பின்னாடி இடம் தாராளம்னு ஒத்துக்கிறேன். ஷாட்கன்ல பின்சீட்டைக் கழட்டி ஒத்த சீட்டாக்கலாம், அந்த அழகு மீட்டியோருக்கு வராது. ஆனா மாசாமாசம் மனைவியைக் கூட்டிட்டுப் போறவருக்கு அது உதவாது. என் கவலை வார நாள் டிராஃபிக்தான். மீட்டியோரோட ஹேண்டில் அகலம், பின்னாடி வளைஞ்சு வருது. முழுசா திருப்பினா வெளிப்பக்க முனை தோளை இழுக்கும். கை குட்டையா இருந்தா யூ டர்ன்ல தடுமாறும்.

ஸ்பேனர்12:
அதை ஷோரூம் வாசல்லயே சோதிச்சுடலாம் சாலைப்பறவை. இன்ஜினை அணைச்சு, சீட்ல உட்கார்ந்து ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முட்ட திருப்புங்க. உட்கார்ந்த நிலையில இருந்து முதுகு முன்னாடி நகராம, வெளிக்கையில முழங்கை லேசா மடங்கியே இருந்தா போதும். நகர்ந்தா ஹேண்டிலைத் தளர்த்தி கொஞ்சம் பின்னாடி சாய்ச்சுத் தரச் சொல்லுங்க. சாய்ச்ச பிறகு முழு திருப்பத்துல டேங்கை முட்டுதா, கேபிள் இழுபடுதான்னு பார்க்கணும். டெஸ்ட் ரைடுக்கு மனைவியையும் கூட்டிட்டுப் போங்க. தனியா ஓட்டிட்டு வந்தீங்கன்னா நான் சொன்ன 33, 30 கணக்குக்கே அர்த்தமில்லை.

சாலைப்பறவை:
சனிக்கிழமை அவங்களோட போறேன். டேப்பும் அளவுகோலும் பையில போட்டாச்சு. மீட்டியோர்ல முழு திருப்பத்துல முதுகு நகராம இருந்தா அதுதான், நகர்ந்தா ஷாட்கன்.