ஒரு மட்டையாளரையும் சந்திக்காத பந்துவீச்சாளர்

கேள்வி: ஒரு மட்டையாளருக்குக்கூடப் பந்து வீசாத லாரி யவுண்ட், வட அமெரிக்காவின் முதன்மையான பேஸ்பால் போட்டித்தொடரான மேஜர் லீக் பேஸ்பாலின் பதிவேட்டில் ஓர் ஆட்டம் ஆடியவராக இடம்பெற்றிருப்பது எப்படி?

மறுமொழி 1: 1971 செப்டம்பர் 15 அன்று, அட்லாண்டா பிரேவ்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் ஒன்பதாம் இன்னிங்ஸில், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் மாற்றுப் பந்துவீச்சாளராக 21 வயதான அவருடைய பெயர் அறிவிக்கப்பட்டது. முன்பே வலிக்கத் தொடங்கியிருந்த முழங்கை, பந்துவீச்சு மேட்டில் ஏறிப் பயிற்சிப் பந்துகள் சிலவற்றை வீசியதும் மேலும் மோசமாகவே, அவர் வெளியேறிவிட்டார். பெயர் அறிவிக்கப்பட்டாலே ஆடியதாகக் கொள்வது விதி.

மறுமொழி 2: அதன்பின் அவருக்கு மேஜர் லீக்கில் ஆட வாய்ப்பே அமையவில்லை. ஆனால் அவருடைய தம்பி ராபின், மில்வாக்கி புரூவர்ஸுக்காக 20 பருவங்கள் ஆடி, 3,142 ஹிட்டுகள் (பந்தை அடித்துத் தளத்தை எட்டுதல்) குவித்து, 1999இல் பேஸ்பால் சாதனையாளர்களைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்.

கேள்வி கேட்டவர்: நன்றி. பெயராவது பதிவேட்டில் நின்றதே. அவ்வகையில் அந்த விதி அவருக்கு நன்மையே செய்தது என்பேன்.