200 மி.மீ. நியூட்டோனியனில் சூரியப் படம்: பூச்சில்லா ஆடியா, முகப்பு ஃபிலிமா?

கதிர்நோக்கி
நியூட்டோனியன் (ஆடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) செய்ய 200 மி.மீ. எஃப்/6 (குவியத்தூரம் விட்டத்தைப்போல் 6 மடங்கு) ஆடியைத் தேய்த்து, அதன் வளைவைப் பார்க்கும் ஃபூக்கோ சோதனையும் முடித்து, அலுமினியப் பூச்சுக்கு அனுப்பக் காத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். சூரியனுக்கு மட்டும்தான் அந்தக் குழாய் என்றால் பூச்சே வேண்டாம். வெறும் கண்ணாடி, நேராக விழும் ஒளியில் 4 சதவீதத்தைத்தான் திருப்பும். ஒளியைப் பக்கவாட்டில் திருப்ப 45 பாகையில் நிற்கும் துணை ஆடியும் வெறும் கண்ணாடியானால் 5 சதவீதம். இரண்டையும் தாண்டி வருவது சுமார் 0.2 சதவீதம். படத்தைக் கூர்மையாக்கும் ஃபோக்கசரில் ஹெர்ஷல் வெட்ஜ் (ஒளியில் சிறு பங்கை மட்டும் கேமராவுக்குத் திருப்பும் ஆப்புக் கண்ணாடி), அதன்பின் 540 நானோமீட்டர் பச்சை ஃபில்டர், கேமரா. முகப்பில் ஒளியைச் சிதறடிக்க எதுவும் இல்லை. சூரியப் புள்ளியைச் சுற்றிய இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும்.

மெல்லேடு
0.2 கேட்கச் சின்ன எண்தான். ஆனால் குழாயின் முகப்பில் மாட்டும், கண்ணால் பார்ப்பதற்கான என்.டி. 5 ஃபிலிம் விடுவது 0.001 சதவீதம் (என்.டி. என்பது ஒளியைக் குறைக்கும் அளவு; எண் கூடக் கூட ஒளி குறையும்). அதைவிட இது 200 மடங்கு! வெட்ஜையும் சேர்த்தால்கூட 10 மடங்கு மிச்சம். ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டுப் பார்க்கவே கூடாது என்பதை முதல் வரியில் எழுதுங்கள், ஐயா. பூச்சுள்ள ஆடியில் வெட்ஜ் மட்டும் போடலாமே என்று யாராவது கிளம்பினால் அது இன்னும் மோசம். 200 மி.மீ. வாய் உச்சி வெயிலில் 30 வாட்டுக்கு மேல் வாங்கும். அவ்வளவும் குவிந்துகொண்டே துணை ஆடியில் விழும், பசை இளகும்.

ஃபிலிம் அந்த வெப்பத்தைக் குழாய்க்குள் விடுவதே இல்லை. படத்துக்கு என்.டி. 3.8 வகை, அதுவும் கேமராவுக்கு மட்டும். என்.டி. 5-ஐவிட 16 மடங்கு ஒளி கிடைப்பதால் எக்ஸ்போஷரை 2 மில்லிசெகண்டுக்குக் கீழே இறக்கலாம். படம் மங்குகிறது என்பவர்கள் பெரும்பாலும் ஃபிலிமை மேளத்தோல் மாதிரி இழுத்து ஒட்டியவர்கள். அட்டை வளையத்தில் இருபக்க டேப் ஒட்டி, ஃபிலிமை அதன்மேல் தளர்வாகப் படியவிட வேண்டும். சுருக்கம் இருந்தால் இருக்கட்டும்; இழுவிசைதான் படத்தைக் கெடுக்கும். வாங்கும்போது அளவையும் பாருங்கள்: ஏ4 தாள் 20 செ.மீ. அகலம்தான், 200 மி.மீ. வாய்க்கு ஒட்ட ஓரம் மிஞ்சாது.

ஆடிக்கூடு
பூச்சில்லா ஆடியில் பலர் கோட்டைவிடும் இடம் பின்பக்கம். 96 சதவீத ஒளி கண்ணாடியைத் துளைத்துப் பின்னால் போகிறது. அங்கே பிளைவுட் பலகை அடைத்திருந்தால் அது சூடாகி, வெந்நீர்ப் பானை ஆவி மாதிரி காற்று குழாய் வழியே மேலேறும். படம் கொதிக்கும். மூன்று கை கொண்ட திறந்த கூடு போட்டு, ஒளியை வெளியே விட்டுவிடுங்கள். பின்பக்கத்துக்குக் கறுப்புப் பெயின்டும் கூடாது, அது ஆடியையே அடுப்பாக்கும். 80ஆம் நம்பர் கார்போரண்டத்தில் சொரசொரப்பாகத் தேய்த்தாலே, பின்முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியால் வரும் பேய்ப்பிம்பம் போய்விடும்.

துணை ஆடியில்தான் தொல்லை அதிகம். இரு முகமும் இணையான தட்டையானால் இரண்டாவது முகமும் அதே அளவு ஒளியைத் திருப்பி, சற்றே விலகிய இன்னொரு சூரியனைக் காட்டும். அதன் பின்முகத்தையும் தேய்த்தாக வேண்டும், அல்லது ஆப்பு வடிவத்தில் இருக்க வேண்டும். ஓரத்தில் பச்சை தெரியும் சாதாரணக் கண்ணாடி வேண்டாம். அதிலுள்ள இரும்பு அகச்சிவப்பை உறிஞ்சும். போரோசிலிகேட் எடுங்கள்.

கதிர்நோக்கி
ஐபீஸ் எச்சரிக்கை சரி, நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஃபிலிமில் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு. 45 பாகைக் கண்ணாடி ஒளியை முனைவாக்கும், அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியையே அதிகம் திருப்பும். வெட்ஜைத் துணை ஆடிக்கு இணையாக வைத்தால் என்.டி. 3.7 அளவு, 90 பாகை திருப்பினால் 4.5 அளவு. எந்த ஃபில்டரையும் மாற்றாமலே 5 மடங்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

மெல்லேடு
அழகான வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லையைத் தீர்மானிப்பது காற்று. 200 மி.மீ. ஆடி பச்சையில் 0.7 விகலை (விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) வரை பிரித்துக் காட்டும். பகல் காற்று பெரும்பாலும் 1 முதல் 2 விகலைக்குள் அலையும். சூரியப் பரப்பில் தெரியும் சிறுமணி ஒன்றே சுமார் 1.4 விகலை. கோடைக்கானல் சுரங்கத் தொலைநோக்கியின் ஆடிகளை 11 மீட்டர் கோபுரத்தில் ஏற்றியதும், உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தை ஏரி நடுவே கட்டியதும் தரைச்சூட்டிலிருந்து தப்பத்தான். சிமென்ட் மொட்டைமாடியில் 11 மணிக்கு வைத்துவிட்டு ஆடியைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆடிக்கூடு
அப்படியானால் ஆடியைப் பூச்சுக்கு அனுப்பும் முன்பே சோதித்துவிடலாம். பூச்சு போட்டபின் அதை எடுப்பது வேறு வேலை. வெயில் ஏறுமுன், புல்தரையில், பூச்சில்லா ஆடியோடு 2,000 பிரேம் எடுங்கள். சிறந்த 5 சதவீதத்தை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். உடனே வாயில் 100 மி.மீ. துளையுள்ள அட்டையை மாட்டி, எக்ஸ்போஷரைக் கூட்டி, அதே புள்ளியை மறுபடி எடுங்கள். பல நாள் பார்த்தும் இரண்டும் ஒன்றாகவே இருந்தால் உங்கள் இடத்துக்கு 200 மி.மீ. வீண், ஆடிக்குப் பூச்சு போட்டு இரவுக்கு வைத்துக்கொண்டு, பகலில் ஏ4 ஃபிலிமை வெட்டி, துணை ஆடி மறைக்காத ஓரத்தில் 75 மி.மீ. துளைக்கு ஒட்டுங்கள். மீதி வாய் முழுவதும் ஒளி புகாதபடி அடைத்திருக்க வேண்டும். வளையத்தைக் குழாயோடு மூன்று இடத்தில் திருகால் இறுக்குங்கள், டேப்பை நம்பாதீர்கள். குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியான ஃபைண்டருக்கும் மூடி போட மறக்காதீர்கள்.