வசம்பும் காலண்டர் தாளும்

குழு: மேலத்தெரு சொந்தங்கள்
ஞாயிறு, காலை 9.12

நிவேதா: கவிதா அக்கா, தனியாக அனுப்பினால் மூன்று நாள் கழித்துத்தான் பார்ப்பீர்கள், அதனால் இங்கேயே கேட்கிறேன். பேச்சு சிகிச்சையாளராக வேலையில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, அதற்குள் திக்கும் பிள்ளைகள் ஐந்து பேர் வந்துவிட்டார்கள், எல்லோரும் ஆறு வயதுக்குள். கையில் கல்லூரி நோட்டைத் தவிர ஒன்றும் இல்லை. எதைப் படிக்கட்டும்?

சுந்தரம் மாமா: வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொல்லும்மா. நம் ராகவனுக்கு அதில்தான் பேச்சு சரியானது.

கவிதா: மாமா, ராகவனுக்கு அப்போது மூன்று வயது. அந்த வயதில் திக்க ஆரம்பிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். நடுவில் வசம்பு பேர் வாங்கிக்கொண்டது.

கவிதா: நிவி, முதலில் லிட்கோம்ப் முறையின் சிகிச்சை வழிகாட்டியை இறக்கிக்கொள். ஆஸ்திரேலியத் திக்குவாய் ஆய்வு மையத்தின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கானது. அதில் வீட்டில் சிகிச்சை தருவது அம்மாவோ அப்பாவோதான், நாம் வாரம் ஒரு தடவை பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஆனால் படித்துவிட்டு நேராகக் களத்தில் இறங்கிவிடாதே, அதற்குத் தனியாகப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள், அதையும் முடித்துவிடு.

நிவேதா: பெற்றோரைத் தினமும் திக்கலுக்கு மதிப்பெண் போடச் சொல்வார்களே, அதுதானே?

கவிதா: அதேதான். திக்கலே இல்லை என்றால் 0, மிக மோசம் என்றால் 9. என்னைக் கேட்டால் அந்த ஒரு எண்தான் மற்ற எல்லா பிடிஎஃப்பையும் விடப் பெரிய சொத்து. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற ஒரு அம்மா, நான் கொடுத்த படிவத்தைத் தொலைத்துவிட்டு, டெய்லி காலண்டரில் கிழித்த தாளின் மூலையில் எண்ணை எழுதி ஏழு தாளையும் நூலில் கோத்துக்கொண்டு வந்தார். திங்கள் 3, செவ்வாய் 3, புதன் 7. அந்த 7-ஐத் திருப்பினால் பின்பக்கம் பென்சிலில் ‘ஊரிலிருந்து எல்லோரும் வந்தார்கள், இவனைப் பேசவே விடவில்லை’ என்று இருந்தது. அரை மணி நேரம் கேள்வி கேட்டிருந்தாலும் எனக்கு அது கிடைத்திருக்காது.

செல்வி பெரியம்மா: ‘மெதுவாகப் பேசு, மூச்சு விட்டுப் பேசு’ என்று சொல்லலாம் இல்லையா? நாங்கள் அப்படித்தானே வளர்த்தோம்.

கவிதா: வேண்டாம் பெரியம்மா. சொல்லச் சொல்ல பிள்ளை வாயைத் திறக்கவே யோசிக்கும். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், அது சொல்லி முடிக்கிற வரை பொறுங்கள், அது போதும். லண்டனில் மைக்கேல் பாலின் மையத்தில் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்: வீட்டில் வாரத்தில் சில நாள் ஐந்து நிமிடம் பிள்ளையோடு விளையாட்டு, மையத்தில் விளையாடுவதை வீடியோ எடுத்துப் பெற்றோரே பார்த்து, தாங்கள் எதை நன்றாகச் செய்கிறோம் என்று அவர்களே கண்டுபிடிப்பது.

நிவேதா: அப்போ எந்த முறையை எடுப்பது?

கவிதா: அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதே. நெதர்லாந்தில் 199 பிள்ளைகளை வைத்து, லிட்கோம்பையும் பேச்சுக்கு நெருக்கடி தரும் சூழலைக் குறைக்கும் இன்னொரு முறையையும் ஒப்பிட்டார்கள், 2015-இல் வெளியானது. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டிலுமே பத்தில் ஏழு பேருக்கு மேல் திக்கல் இல்லை.

கவிதா: அப்புறம் மைசூர் அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனத் தளத்தில் மாணவர்களின் ஆய்வேடுகள் இருக்கின்றன, நம் ஊர் மொழிகளை வைத்துச் செய்தவை, மேய்ந்து பார். அமெரிக்காவின் ஸ்டட்டரிங் ஃபவுண்டேஷனில் ஆசிரியர்களுக்கான கையேடு இலவசம். அதை அப்படியே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே, நாலு வரியில் தமிழில் எழுதிக் கொடு. லிட்கோம்பில் பிள்ளை திக்காமல் பேசும்போது பெற்றோரைப் பாராட்டச் சொல்வார்கள், அந்த வார்த்தைகளையும் தமிழிலேயே யோசித்து வை. ‘ஸ்மூத் டாக்’ என்று எந்தத் தாய் சொல்வாள்? ‘அட, தடங்கலே இல்லாமல் சொல்லிட்டியே’ என்றால் வாயில் வரும். அதையும் நாள் முழுக்கச் சொன்னால் பிள்ளை கடுப்பாகிவிடும்.

நிவேதா: சரி அக்கா. நாளைக்கே மதிப்பெண் படிவம் அச்சடிக்கிறேன்.

சுந்தரம் மாமா: படிவம் எதற்கு? கடையில் விற்காத டெய்லி காலண்டர் ஆறு கிடக்கிறது. பஸ்ஸில் போட்டுவிடவா?

நிவேதா: போடுங்கள் மாமா. ஐந்து போதும்.